தொழிலாளர் துணைவர் இராபர்ட் ஓவன்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டன் நாட்டில் ஒரு பெரிய மாறுதல் தோன்றியது. அதுவரை மக்கள் தம் வீடுகளிலேயே இராட்டை கொண்டு நூல் நூற்றனர். தறி கொண்டு ஆடை நெய்தனர். புதிய நூற்பு எந்திரங்கள் வந்ததும் அத்தொழில் வீட்டை விட்டு ஆலைக்குள் புகுந்தது. ஆற்றங்கரைகளில் பல அடுக்கு ஆலைகள் ஓங்கி எழுந்தன. நாட்டின் செல்வம் பெருகியது. ஆனால், அச்செல்வத்தை ஈட்டித் தந்த உழைப்பாளிகளின் வாழ்வோ சிறுமையுற்றது. ஆண்களும் பெண்களும் நாள்தோறும் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் ஆலையில் உழன்றனர். ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளும் விடியுமுன் எழுந்து ஆலைக்கு ஓடினர். பிழை செய்தால் அடி, பொழுது தாழ்ந்து வந்தால் கூலியில் பிடிப்பு, நோயுற்றால் பட்டினி. எந்திரத்திற்கு எண்ணெய் இட்டுப் போற்றிய முதலாளிகள் அதனை இயக்கிய மனிதரைப் போற்ற மறந்தனர்.

அந்நாளில் முதலாளிகளுள் ஒருவராக இருந்துகொண்டே, தொழிலாளரை அன்புடன் நடத்துவதே அறம் என்றும், அதுவே தொழிலுக்கும் ஆக்கம் என்றும் செய்து காட்டியவர் இராபர்ட் ஓவன் என்பவர்.

இளமை

இராபர்ட் ஓவன் 1771-ஆம் ஆண்டு மே திங்கள் 14-ஆம் நாள், வேல்ஸ் பகுதியில் உள்ள நியூட்டவுன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் தந்தையார் குதிரைச் சேணம் தைத்தும் இரும்புப் பொருள்கள் விற்றும் குடும்பத்தைப் பேணி வந்தார். மக்கள் எழுவருள் ஓவன் ஆறாமவர்.

சிறுவனாக இருந்தபோது ஒருநாள் காலை அவர் பள்ளிக்கு விரைந்து செல்லும் ஆவலில் கொதிக்கும் கஞ்சியை ஒரே மூச்சில் குடித்துவிட்டார். வயிறு வெந்து மயங்கி வீழ்ந்தார். உயிர் பிழைத்தாரெனினும், எளிய உணவை அளவோடு உண்ணும் நிலை அன்று முதல் அவருக்கு வாய்த்தது. எந்த உணவு உடலுக்கு என்ன செய்கிறது என்று உற்றுநோக்கும் வழக்கமும் அதனால் உண்டாயிற்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடும் இவ்வியல்பே பின்னாளில் மனிதர்களை அறிந்துகொள்ள அவருக்குக் கைகொடுத்தது.

கல்வியில் அவர் கூர்மையானவர். ஏழு வயதிலேயே ஆசிரியர் அவரைத் தமக்கு உதவியாளராக வைத்துக்கொண்டு பிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லச் செய்தார். எனினும், பள்ளி வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. பத்தாம் வயதில் அவர் இலண்டனில் இருந்த தம் அண்ணனிடம் சென்றார். பின்னர் ஸ்டாம்போர்டு நகரில் மக்கஃபாக் என்னும் துணி வணிகரிடம் வேலை பழகச் சேர்ந்தார். முதல் ஆண்டு ஊதியம் இல்லை; இரண்டாம் ஆண்டுக்கு 8 பவுன்; மூன்றாம் ஆண்டுக்கு 10 பவுன். மக்கஃபாக் நேர்மையாளர், பணியாளைத் தம் வீட்டுப் பிள்ளைபோல் நடத்தியவர். அவர் வீட்டில் நல்ல நூல்கள் பல இருந்தன. ஓவன் நாள்தோறும் பல மணி நேரம் அவற்றைப் படித்துத் தம் அறிவை வளர்த்துக்கொண்டார்.

அதன்பின் அவர் இலண்டன் பாலத்தின் அருகில் இருந்த ஒரு பெரிய கடையில் ஆண்டுக்கு 25 பவுன் ஊதியத்தில் அமர்ந்தார். அங்கோ நிலைமை வேறு. விடியற்காலை முதல் கடையில் நிற்க வேண்டும். விற்பனை மிகுந்த பருவத்தில் பொருள்களை மடித்து அடுக்கி முடிக்க நள்ளிரவும் கடந்துவிடும். கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டுதான் படியேறிப் படுக்கைக்குச் செல்ல வேண்டியிருந்தது. நல்ல முதலாளியிடம் பணி செய்வது எத்தகையது, இளைப்பாற விடாத இடத்தில் பணி செய்வது எத்தகையது என்னும் இரண்டையும் ஓவன் பதினைந்து வயதுக்குள் தம் உடலாலேயே உணர்ந்துகொண்டார்.

ஆலை மேலாளர்

பிறகு அவர் பருத்தித் தொழிலின் தலைநகராக வளர்ந்துகொண்டிருந்த மாஞ்செஸ்டர் நகரை அடைந்தார். பதினெட்டு வயதில், அண்ணனிடம் 100 பவுன் கடன் பெற்று, ஒரு கம்மியருடன் கூட்டுச் சேர்ந்து நூற்பு எந்திரங்கள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். சில திங்களில் அக்கூட்டு முறிந்தது. தமக்குப் பங்காகக் கிடைத்த மூன்று எந்திரங்களைக் கொண்டு தாமே நூல் நூற்று விற்றார்.

அந்நாளில் டிரிங்வாட்டர் என்னும் செல்வர் தம் புதிய ஆலைக்கு மேலாளர் தேவை என்று நாளிதழில் விளம்பரம் செய்தார். ஓவன் அவரைக் கண்டு வேலை கேட்டார். எவ்வளவு ஊதியம் வேண்டும் என்று டிரிங்வாட்டர் வினவியபோது, ஆண்டுக்கு 300 பவுன் வேண்டும் என்று அந்த இளைஞர் தயங்காமல் கூறினார். அன்று காலை வேலை கேட்டு வந்த அனைவரும் கேட்ட தொகையைக் கூட்டினாலும் அவ்வளவு வராதே என்று அச்செல்வர் வியந்தார். தம் சொந்தத் தொழிலில் அவ்வளவு ஈட்டுவதாக ஓவன் சொன்னார், கணக்கேடுகளையும் காட்டினார். வேலை அவருக்கே கிடைத்தது.

ஏறத்தாழ ஐந்நூறு பேர் பணி செய்த அவ்வாலையில், இருபது வயதை எட்டிய ஓவன் தலைவராகப் புகுந்தார். புகுந்தவுடன் அவர் எவருக்கும் கட்டளை இடவில்லை. ஆறு வார காலம் காலையில் முதல் ஆளாக வந்து, மாலையில் இறுதி ஆளாகச் சென்றார். ஒவ்வொரு வேலையையும் ஒவ்வொரு மனிதரையும் கூர்ந்து நோக்கினார். கேட்ட கேள்விக்கு ஆம், இல்லை என்று மட்டும் விடை கூறினார். எல்லாம் தெளிந்த பின்னரே ஆலையைச் சீர்செய்யத் தொடங்கினார். நூலின் தரம் உயர்ந்தது. பணியாளரிடம் ஒழுங்கும் வளர்ந்தது.

அவர் திறமையைக் கண்ட டிரிங்வாட்டர், அடுத்த ஆண்டுகளில் 400 பவுன், 500 பவுன் என ஊதியத்தை உயர்த்துவதாகவும், நான்காம் ஆண்டில் இலாபத்தில் கால் பங்கு தந்து கூட்டாளி ஆக்குவதாகவும் உடன்படிக்கை எழுதித் தந்தார். ஆயினும், பின்னர் அவர் குடும்பத்தில் மணவுறவு கொள்ளவிருந்த ஒருவர், ஓவன் கூட்டாளி ஆவதை விரும்பவில்லை. டிரிங்வாட்டர் ஓவனை அழைத்து, கேட்கும் ஊதியம் தருவதாகவும், கூட்டு உரிமையை மட்டும் விட்டுவிடுமாறும் வேண்டினார். ஓவன் உடன்படிக்கைத் தாளைத் தாமே எடுத்துத் தீயில் இட்டார். விரும்பாதவரோடு கூட்டு வேண்டுவதில்லை என்று கூறி வேலையிலிருந்தும் விலகிக்கொண்டார்.

நியூ லனார்க்

ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றின் அருவிகளுக்கு அருகில் நியூ லனார்க் என்னும் ஆலையூர் உள்ளது. டேவிட் டேல் என்னும் வணிகர் 1785-ஆம் ஆண்டளவில் அதனை நிறுவினார். ஆற்று நீரின் விசையால் அங்கே எந்திரங்கள் சுழன்றன. ஓவனும் அவர் கூட்டாளிகளும் 1799-இல் அவ்வாலைகளை 60,000 பவுனுக்கு வாங்கினர். ஆண்டுக்கு 3,000 பவுனாக இருபது ஆண்டுகளில் அத்தொகையைச் செலுத்துவது என்பது ஒப்பந்தம். அதே ஆண்டில் டேலின் மகளார் கரோலினை ஓவன் மணந்தார். 1800-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் ஆலைகளின் பொறுப்பை அவர் ஏற்றார்.

டேல் இரக்கமுள்ளவர். எனினும் அவர் அவ்வூரில் வாழவில்லை. ஆகவே ஊர் சீர்கெட்டுக் கிடந்தது. குடும்பத்திற்கு ஓர் அறை, வாயிலில் குப்பை மேடு, எங்கும் குடிப்பழக்கம். ஆலைப் பொருள்களைத் திருடுவது பலருக்குக் குற்றமாகவே தோன்றவில்லை. ஏழை இல்லங்களிலிருந்து அழைத்து வரப்பட்ட ஏறத்தாழ ஐந்நூறு குழந்தைகள் அங்கே வேலை செய்தனர். நாள் முழுதும் உழைத்தபின் இரவில் அவர்களுக்குப் பாடம் நடைபெற்றது. களைத்த கண்களுக்கு எழுத்துகள் தெரியவில்லை.

மக்கள் தீயவராகப் பிறப்பதில்லை. அவர்தம் சூழ்நிலையே அவரை அவ்வாறு ஆக்குகிறது என்பது ஓவனின் உறுதியான கொள்கை. ஆதலின், அவர் தண்டனையை நாடாமல் சூழ்நிலையை மாற்ற முற்பட்டார். திருடியவரைச் சிறைக்கு அனுப்பாமல், பொருள் ஒவ்வொரு கை மாறும்போதும் கணக்கு எழுதும் முறையை ஏற்படுத்தினார். இழப்பு எங்கே நேர்ந்தது என்பது அன்றன்றே தெரிந்தது. திருட்டு தானாகவே குறைந்தது. வீடுகளில் அறைகள் கூட்டப்பட்டன. தெருக்கள் தூய்மை பெற்றன.

ஊர்க் கடைகளில் இழிந்த பொருளைக் கடனுக்கு மிகுந்த விலையில் விற்று வந்தனர். ஓவன் ஆலையின் சார்பில் பண்டசாலை ஒன்றைத் திறந்தார். நல்ல பொருள்களை மொத்தமாகக் கொள்முதல் செய்து, அடக்க விலையை ஒட்டிய விலைக்கு விற்கச் செய்தார். மக்களின் செலவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது. பண்டசாலையில் கிடைத்த சிறு இலாபமும் பள்ளிக்கூடத்திற்குச் சென்றது. தொழிலாளர் தம் கூலியில் அறுபதில் ஒரு பங்கை நிதியாகச் சேர்த்தனர். நோயுற்ற காலத்திலும் முதுமையிலும் அந்நிதி அவர்களைத் தாங்கியது. சேமிப்பு வங்கியும் அமைந்தது.

பத்து வயது நிரம்பாத குழந்தைகளை வேலைக்கு எடுப்பதை ஓவன் நிறுத்தினார்; ஏழை இல்லங்களிலிருந்து குழந்தைகளை வரவழைப்பதையும் விட்டார். வேலை நேரம் படிப்படியாகக் குறைந்தது. 1816-ஆம் ஆண்டளவில், உணவு வேளை நீங்க நாளொன்றுக்குப் பத்தே முக்கால் மணி நேர வேலையே அங்கு நடைபெற்றது. பிற ஆலைகளோடு ஒப்பிடுங்கால் இது பெரியதொரு சலுகையாகும்.

பேசாத மேற்பார்வையாளன்

அக்காலத்து ஆலைகளில் மேற்பார்வையாளரின் கையில் பிரம்போ வாரோ இருப்பது வழக்கம். ஓவன் அடியையும் வசையையும் அறவே விலக்கினார். அவ்வாறாயின் நன்கு உழைப்பவரையும் சோம்பித் திரிபவரையும் எங்ஙனம் வேறுபடுத்துவது? அதற்கு அவர் ஒரு புதுமையான வழியைக் கண்டார்.

இரண்டு அங்குல நீளமும் ஓர் அங்குல அகலமும் கொண்ட நாற்பக்க மரத்துண்டு ஒன்று ஒவ்வொரு தொழிலாளியின் இடத்திலும் தொங்கவிடப்பட்டது. அதன் நான்கு பக்கங்களும் நான்கு நிறம் உடையவை. கருமை தீய நடத்தையைக் குறித்தது, நீலம் நடுத்தரமானதை, மஞ்சள் நல்லதை, வெண்மை மிகச் சிறந்ததைக் குறித்தது. முந்திய நாளில் ஒருவர் எவ்வாறு நடந்துகொண்டாரோ, அதற்குரிய நிறம் மறுநாள் முன்புறம் தோன்றும். நாள்தோறும் அந்நிறங்கள் ஏட்டிலும் பதிவாயின. இதற்குப் பேசாத மேற்பார்வையாளன் என்பது பெயர்.

ஓவன் ஆலைக்குள் நடந்து செல்கையில் அம்மரத்துண்டை நோக்குவார். பின்னர் அத்தொழிலாளியின் முகத்தை நோக்குவார். ஒரு சொல்லும் சொல்லமாட்டார். கருநிறம் காட்டியவர் தலை தாழ்ந்தது. வெண்ணிறம் காட்டியவர் முகம் மலர்ந்தது. மேற்பார்வையாளர் தம்மை நடுவுநிலை தவறி மதிப்பிட்டார் என்று கருதும் எவரும், நிறம் பதிவாகுமுன் நேரே ஓவனிடம் முறையிடலாம். தொடக்கத்தில் கருமையும் நீலமுமே மிகுந்திருந்தன. ஆண்டுகள் செல்லச்செல்ல மஞ்சளும் வெண்மையும் பெருகின.

சோதனைக் காலம்

இத்தனை செய்தும், முதற் சில ஆண்டுகள் தொழிலாளர் ஓவனை நம்பவில்லை. ஸ்காட்லாந்து மக்களுக்கு வேல்ஸிலிருந்து வந்த அவர் அயலார். மிகுந்த வேலை வாங்கி மிகுந்த இலாபம் பெறுவதற்கே இவ்வளவும் செய்கிறார் என்று அவர்கள் ஐயுற்றனர். வீடு தூய்மையாக உள்ளதா என்று பார்க்க வருவோரை இல்லத்தரசியர் சிலர் வெறுத்தனர். ஓவன் சினம் கொள்ளவில்லை. காலம் கனியட்டும் என்று பொறுத்திருந்தார்.

அவர் ஆலைப் பொறுப்பேற்ற சில ஆண்டுகளில் அச்சோதனை வந்தது. பிரிட்டனோடு ஏற்பட்ட பூசலால், அமெரிக்க அரசு தன் நாட்டுப் பருத்தி அயல்நாடு செல்வதைத் தடை செய்தது. பஞ்சின் விலை விண்ணை முட்டியது. பல ஆலை முதலாளிகள் ஆலைக் கதவை அடைத்துத் தொழிலாளரைத் தெருவில் விட்டனர். நியூ லனார்க்கிலும் எந்திரங்கள் நின்றன. ஊர் மக்கள் அடுத்த வேளை உணவை எண்ணி நடுங்கினர்.

ஓவன் ஒருவரையும் நீக்கவில்லை. நான்கு திங்கள் ஆலை ஓடவில்லை; எனினும் எந்திரங்களைத் துடைத்துப் பழுதின்றி வைத்திருக்கும் பணியை மட்டும் அவர்களுக்குத் தந்து, முழுக் கூலியையும் தவறாது கொடுத்தார். இவ்வகையில் அவர் கொடுத்த தொகை 7,000 பவுனுக்கும் மேலாகும். ஒரு காசும் குறையவில்லை. பின்னர்த் திருப்பிக் கேட்கவும் இல்லை. அன்றுதான் மக்களின் உள்ளக் கதவு திறந்தது. ஆறு ஆண்டு அறிவுரைகளால் ஆகாதது, அந்நான்கு திங்கள் கூலியால் ஆயிற்று.

ஏலத்தில் வெற்றி

தொழிலாளரின் நம்பிக்கையைப் பெற்ற ஓவனுக்குக் கூட்டாளிகளின் நம்பிக்கை கிட்டவில்லை. ஆலை இலாபம் தராமல் இல்லை. முதற் பத்தாண்டில் முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி போக 60,000 பவுன் இலாபம் கிடைத்தது என்று ஓவன் தம் வரலாற்றில் கணக்குக் காட்டியுள்ளார். ஆயினும், பள்ளிக்கூடம் கட்டவும் தொழிலாளர் நலம் பேணவும் பணம் செலவிடுவதைக் கூட்டாளிகள் வெறுத்தனர். தாங்கள் ஆலை நடத்துவது இலாபத்திற்கேயன்றி அறத்திற்கன்று என்பது அவர்கள் எண்ணம். முடிவில் அவர்கள் ஆலையை ஏலத்தில் விட முடிவு செய்தனர். ஓவனின் நிருவாகத்தால் ஆலை மதிப்பிழந்துவிட்டது என்று ஊரெங்கும் பேசினர். பிறர் வாங்க வாராவிடின் தாமே குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்தம் சூழ்ச்சி.

ஓவன் அமைதியாக இலண்டன் சென்றார். தம் கருத்துகளை அச்சிட்டு நல்லோரிடம் தந்தார். முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் இலாபம் போதும், எஞ்சியது தொழிலாளரின் கல்விக்கும் நலத்திற்கும் ஆகட்டும் என்று இசைந்த புதிய கூட்டாளிகள் அவருக்குக் கிடைத்தனர். சட்ட அறிஞர் ஜெரமி பெந்தமும், குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த வில்லியம் ஆலனும் அவர்களுள் அடங்குவர்.

1813-ஆம் ஆண்டின் இறுதியில் கிளாஸ்கோ நகரில் ஏலம் நடந்தது. பழைய கூட்டாளிகள் விலையைச் சிறிது சிறிதாக ஏற்றினர். ஒவ்வொரு முறையும் ஓவனின் சார்பில் 100 பவுன் கூட்டிக் கேட்கப்பட்டது. 1,14,000 பவுன் வரை வந்த பழைய கூட்டாளிகள் அதற்குமேல் துணியவில்லை. 1,14,100 பவுனுக்கு ஆலை ஓவன் பக்கமே நின்றது. அச்செய்தி நியூ லனார்க்கை எட்டியதும் வீடுகள்தோறும் சாளரங்களில் விளக்கேற்றினர். ஓவன் ஊர் திரும்பியபோது, மக்கள் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே அவ்வண்டியை இழுத்துச் சென்றனர். ஒரு காலத்தில் அவரை அயலார் என்று ஒதுக்கியவர்களும் அம்மக்களே என்பது எண்ணத்தக்கது.

கல்விப் பணி

1816-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், ஒழுக்கத்தை உருவாக்கும் நிலையம் என்னும் பெயரால் ஓவன் ஒரு கல்விக்கூடத்தைத் திறந்தார். நடை பயிலும் குழந்தைகளுக்கும் அங்கே இடம் இருந்தது. தாய்மார் கவலையின்றி ஆலையில் பணி செய்தனர். குழந்தைகள் திறந்த வெளியில் ஆடிப் பாடினர். அடித்தல் இல்லை, கடுஞ்சொல் இல்லை. பரிசு காட்டி ஆசை ஊட்டுதலும் இல்லை. விலங்குகளின் படங்களும் நிலப்படங்களும் சுவர்களை அணி செய்தன. பெற்றோர் ஆண்டுக்கு 3 ஷில்லிங் மட்டுமே கட்டினர். செலவு அதனினும் பன்மடங்கு மிகுதி. எனினும், இது பிச்சைப் பள்ளி என்னும் எண்ணம் பெற்றோர்க்கு வரலாகாது என்பதற்காகவே அச்சிறு தொகை பெறப்பட்டது. பகலில் குழந்தைகளும் மாலையில் பெரியோரும் அங்கே பயின்றனர்.

நியூ லனார்க்கின் புகழ் எங்கும் பரவியது. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் அதனைக் காண வந்தனர். பின்னாளில் உருசிய நாட்டுப் பேரரசரான நிக்கோலாசும் அவர்களுள் ஒருவர்.

சட்டம் வேண்டி

ஓர் ஊர் திருந்தினால் போதாது. நாடு முழுதும் உள்ள ஆலைக் குழந்தைகள் காக்கப்பட வேண்டும் என்று ஓவன் கருதினார். பத்து வயதுக்குக் குறைந்தோரை வேலைக்கு வைத்தலாகாது. வேலை நேரம் நாளொன்றுக்குப் பத்தரை மணியை மிஞ்சலாகாது. ஆலைகளைப் பார்வையிட ஊதியம் பெறும் அதிகாரிகள் வேண்டும் என்னும் கருத்துகளை அமைத்துச் சட்ட முன்வரைவு ஒன்றை ஆயத்தம் செய்தார். தம் மூத்த மகனோடு ஊர் ஊராகச் சென்று ஆலைகளைக் கண்டு சான்றுகள் திரட்டினார். முதலாளிகள் சினந்தனர்; ஓவனைப் பற்றிக் குறை தேடுவதற்கென்றே லனார்க்கிற்கு ஆள் சென்று துருவினர்.

நான்கு ஆண்டுப் போராட்டத்திற்குப் பின், 1819-இல் சட்டம் நிறைவேறியது. ஆனால், அது பருத்தி ஆலைகளுக்கு மட்டுமே பொருந்தியது. வயது எல்லை ஒன்பதாகக் குறைந்தது. பதினாறு வயதுக்கு உட்பட்டோர்க்கு வேலை நேரம் பன்னிரண்டு மணியாயிற்று. பார்வையிடும் அதிகாரிகளும் இல்லை. ஓவன் மனம் வருந்தினார். எனினும், வழி பிறந்துவிட்டது. 1833-ஆம் ஆண்டுச் சட்டம் ஊதியம் பெறும் ஆலை ஆய்வாளர்களை நியமித்தது.

வெற்றியும் தோல்வியும்

பிற்காலத்தில் ஓவன் மேற்கொண்ட முயற்சிகள் பல வெற்றி பெறவில்லை. சமயங்களைப் பற்றி அவர் வெளிப்படையாகக் கூறிய கருத்துகளால் நண்பர் பலர் விலகினர். பள்ளியில் ஆடலும் பாடலும் கற்பிப்பது பற்றிக் கூட்டாளிகளோடும் பிணக்கு வளர்ந்தது. ஓவன் நியூ லனார்க்கை விட்டு நீங்கினார்.

1825-இல் அவர் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் நியூ ஹார்மனி என்னும் ஊரை வாங்கிப் பொதுவுடைமைக் குடியிருப்பு ஒன்றைத் தொடங்கினார். அங்கே வருவோர் அனைவரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். கைத்தொழில் அறிந்தோர் சிலர். பேச்சில் வல்லோர் பலர். பாடுபட்டவருக்கும் வாளாவிருந்தவருக்கும் ஏறத்தாழ ஒரே வகையான வாழ்வு அமைந்ததால் பாடுபட்டவர் மனம் சலித்தனர். விதிகள் அடிக்கடி மாறின. அவரது நேரடி மேற்பார்வையும் இடைவிடாது அமையவில்லை. இரண்டாண்டுகளில் அம்முயற்சி சிதறியது. ஓவனின் செல்வத்தில் பெரும்பகுதி அழிந்தது. நன்கு செய்த வேலைக்கு உரிய மதிப்பு நாள்தோறும் கண்முன் தெரிந்த நியூ லனார்க் வளர்ந்தது. அது தெரியாத நியூ ஹார்மனி தளர்ந்தது.

எனினும், நியூ லனார்க்கிலும் குறை இல்லாமல் இல்லை. அங்கே கூலி பிற ஆலைகளினும் உயர்ந்ததன்று. விதிகளை வகுத்தவரும் ஓவன். முறையீட்டைக் கேட்டவரும் ஓவன். ஆலை நடத்துவதில் தொழிலாளர்க்குக் குரல் இல்லை. எவ்வளவு நலம் செய்தும் அம்மக்கள் தம் தயவிலேயே வாழ்கின்றனர் என்பதை ஓவனே உணர்ந்து எழுதினார். முதலாளி நல்லவராக இருப்பது தொழிலாளியின் நற்பேறு. ஆனால் நற்பேற்றை நம்பி ஒருவர் வாழ்நாள் முழுதும் இருத்தல் இயலாது. அதனாலேயே அவர் சட்டத்தையும், தொழிலாளர் ஒன்றுகூடுவதையும் நாடினார்.

1834-இல் தோன்றிய மாபெரும் தொழிற்சங்கக் கூட்டமைப்பிற்கு அவர் தலைமை தாங்கினார். அவ்வாண்டில் டார்செட் மாவட்டத்து உழவுத் தொழிலாளர் அறுவர், சங்கம் அமைத்து இரகசிய உறுதிமொழி எடுத்த குற்றத்திற்காக ஏழாண்டு நாடு கடத்தப்பட்டனர். அவர்களை விடுவிக்க வேண்டி இலண்டனில் நடந்த பெரும் ஊர்வலத்தில் ஓவன் முன்னின்றார். கூட்டமைப்பு அவ்வாண்டிலேயே கலைந்தது. ஆனால் தொழிலாளர் ஒற்றுமை என்னும் வித்து அழியவில்லை. 1844-இல் ராச்டேல் நகரில் எளிய தொழிலாளர் இருபத்தெண்மர் சேர்ந்து கூட்டுறவுப் பண்டசாலையை நிறுவினர். ஓவனின் கொள்கையைப் பின்பற்றியோர் அவர்களுள் இருந்தனர். உலகெங்கும் பரவிய கூட்டுறவு இயக்கத்திற்கு அச்சிறு கடை வழிகாட்டியாயிற்று.

இறுதிக் காலம்

ஓவன் எண்பது வயதைக் கடந்தும் ஓயவில்லை. 1857-இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். மறு ஆண்டு லிவர்ப்பூல் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் பேச எழுந்தபோது உடல் தளர்ந்து வீழ்ந்தார். சிறிது தேறியதும் தாம் பிறந்த ஊருக்குச் செல்ல விரும்பினார். 1858-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 17-ஆம் நாள், நியூட்டவுனில், தாம் பிறந்த வீட்டிற்கு அருகிலிருந்த விடுதி ஒன்றில் உயிர் நீத்தார். பெற்றோரின் கல்லறைக்கு அருகில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

நியூ லனார்க் ஆலைகள் 1968 வரை இயங்கின. 2001-இல் யுனெஸ்கோ நிறுவனம் அவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஆற்றங்கரையில் நிற்கும் அக்கல் கட்டடங்களைக் காண இன்றும் மக்கள் செல்கின்றனர்.

பெருந்தொழில் நடத்துவதற்குப் பொருளும் எந்திரமும் வேண்டும். அவற்றினும் மேலாக மனிதரின் மனம் வேண்டும். அம்மனத்தை அச்சத்தால் பெற இயலாது. வெறும் இனிய சொல்லாலும் பெற இயலாது. தொழில் தளர்ந்த வேளையில் எவர் பக்கம் நிற்கிறோம் என்பதே அதனைப் பெற்றுத் தரும். எந்திரங்கள் நின்ற நான்கு திங்களில் ஓவன் இதனை உலகிற்கு மெய்ப்பித்துக் காட்டினார். ஆலைகள் பலவற்றை நிறுவிப் பெருஞ்செல்வம் சேர்த்தவர் பெயர்கள் பல மறைந்துபோயின. சேர்த்த செல்வத்தை இழந்தும் தொழிலாளரின் நெஞ்சைப் பெற்ற இராபர்ட் ஓவனின் பெயர் இன்றும் நிலைத்து நிற்கிறது.